அறுபத்திரண்டு கிலோ

"உடம்பு நல்லா தேறிட்டே" என்று இனிமேல் யாராவது என் வீட்டுக்குள் வந்து சொன்னால் அவர்களுக்குக் காப்பி கிடையாது. இதை நான் கோபத்தில்தான் எழுதுகிறேன். ஒரு வருஷமாகியும் ஆறாத கோபம். அது ஆற வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.

தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு தலைவிதி உண்டு. மற்ற மாதங்களில் இருக்கிறோமா செத்தோமா என்று எட்டிப் பார்க்காத சொந்தக்காரர்கள், மேற்கே மலை கறுத்து முதல் சாரல் விழுந்ததும் போன் பண்ணுவார்கள். அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று முதலில் கேட்பார்கள். எங்கள் சௌக்கியத்தை அப்புறம்தான் விசாரிப்பார்கள். ஆனியும் ஆடியும் எங்கள் வீடு லாட்ஜ் ஆகிவிடும். கொடியில் காயாத துண்டு நாறும், பாத்ரூம் தரையில் எண்ணெய் வழுக்கும், அடுப்பு அணையவே அணையாது. நான் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வகுப்பை அதட்டிப் பழகிய குரல் எனக்கு. விருந்தாளிகளிடம் காட்ட முடியாத அந்தக் குரலை இந்த இரண்டு மாதமும் பாத்திரம் பண்டங்களிடம் காட்டுவேன்.

என் வீட்டுக்காரர் பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்தார். ஆணி மூட்டையைத் தனியாளாகத் தோளுக்கு ஏற்றுவார். கடைக்காரர்களுக்கு ஒரு குணம் உண்டு. வியாபாரம் எப்படி என்று யார் கேட்டாலும் மந்தம் என்று சொல்ல மாட்டார்கள். உடம்பைப் பற்றியும் அவருக்கு அதே பதில்தான். தலை சுற்றும், கால் வீங்கும், "என்ன செய்யுது?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்பார். அப்படி நல்லா இருந்து இருந்து, ரத்த அழுத்தம் இரண்டு சிறுநீரகத்தையும் தின்றுவிட்டது. போன சாரலுக்கு முந்தின ஐப்பசியில் டயாலிசிஸ் ஆரம்பித்தோம். கடையைக் கொழுந்தன் எடுத்துக்கொண்டார். வாரத்தில் மூன்று காலை நேரங்களை நானும் அவரும் மருத்துவமனைக்குக் கொடுத்தோம்.

டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு ஒரு எண் உண்டு. ட்ரை வெயிட் என்பார்கள். உடம்பில் தேங்கிய தண்ணீரையெல்லாம் கழித்துவிட்டால் ஆள் எத்தனை கிலோ இருப்பார் என்ற மதிப்பீடு அது. சிறுநீர் போகாத உடம்பில் குடித்த தண்ணீர் அப்படியே நிற்கும். ஆகையால் ஒவ்வொரு தடவையும் மெஷினில் படுக்கும் முன் எடை பார்ப்பார்கள். ட்ரை வெயிட்டுக்கு மேல் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு தண்ணீர் என்று வைத்து, அதை உறிஞ்சி எடுப்பார்கள். என் வீட்டுக்காரருக்கு ஆரம்பத்தில் அறுபத்திரண்டு கிலோ என்று முடிவு செய்தார்கள். அது சரியான எண். அன்றைக்கு அவர் உண்மையிலேயே அறுபத்திரண்டு கிலோதான் இருந்தார்.

ஆனால் மனுஷ உடம்பு எடைக்கல் இல்லையே. சாப்பிட்டால் சதை ஏறும், சாப்பிடாவிட்டால் கரையும். சதை கரைந்தால் அந்த எண்ணையும் கூடவே இறக்க வேண்டும். இறக்காமல் விட்டால் என்ன ஆகும்? கரைந்த சதைக்குப் பதிலாக அதே எடைக்குத் தண்ணீர் உள்ளே நிற்கும். தராசு பழைய எண்ணையே காட்டும். எல்லாரும் எடை குறையவில்லை என்று சந்தோஷப்படுவார்கள். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொன்னால் புரியும்.

சதை ஏன் கரைந்தது என்பதில்தான் எங்கள் குடும்பத்தின் புத்திசாலித்தனம் இருக்கிறது. டயாலிசிஸுக்கு முன்னால், சிறுநீரகம் பாதி வேலை செய்துகொண்டிருந்த நாளில், ஒரு டாக்டர் பருப்பைக் குறையுங்கள், முட்டை, மீனைக் குறையுங்கள் என்று சொல்லியிருந்தார். அந்த நேரத்துக்கு அது சரி. டயாலிசிஸ் ஆரம்பித்ததும் கதை தலைகீழ். இனிமேல் புரதம் கூடுதலாக வேண்டும் என்று அந்தப் பிரிவில் இருந்த நர்ஸ் என்னிடம் சொன்னாள். நானும் வீட்டுக்கு வந்து சொன்னேன். யார் கேட்டார்கள்? முதல் டாக்டர் சொன்னது வேதவாக்கு ஆகிவிட்டது. அதை வேதமாக்கியவர் என் மதினி, அதாவது வீட்டுக்காரரின் மூத்த அக்கா. சென்னையில் இருந்துகொண்டு போனிலேயே எங்கள் அடுப்பை நடத்துவார்.

"ஏட்டி, கிட்னிக்காரனுக்குப் பருப்பு ஆகாது கேட்டியா? முட்டையக் கண்ணுல காட்டாத. அரிசிய ரெண்டு தடவ வடிச்சுக் கொடு. எங்க பக்கத்து வீட்டுல ஒருத்தரு பத்தியமா இருந்து எப்படித் தேறிட்டாரு தெரியுமா?"

பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன நோய் என்று கேட்டேன். கல்லடைப்பு என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நான் முட்டை அவித்து வைத்தால் வீட்டுக்காரர் தட்டை ஓரமாகத் தள்ளிவிடுவார். "டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்காரு, அக்காவும் சொல்லுதா" என்பார். வடித்த சோறு, உப்பில்லாத சுரைக்காய்க் கூட்டு, அதிலும் பாதி. இப்படியே ஐப்பசியிலிருந்து ஆனி வரைக்கும். அவரைக் குளிப்பாட்டி விடுகிறவள் நான். முதுகு தேய்க்கும்போது தோள்பட்டை எலும்பு என் கையில் இடித்தது. முன்பெல்லாம் அந்த இடத்தில் எலும்பு இருப்பதே தெரியாது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கை கொடுக்க வேண்டியிருந்தது. கடுகு பாட்டிலின் மூடியைத் திறக்கச் சொல்லிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் திருகிப் பார்த்துவிட்டு, துணியால் துடைப்பதுபோல் துடைத்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். நான் திறந்தேன்.

மருத்துவமனையில் நான் கேட்காமல் இல்லை. தராசின் பக்கத்தில் நின்றுகொண்டே, எடை எழுதுகிற பெண்ணிடம் கேட்டேன். "இவருக்குக் கையும் காலும் மெலிஞ்சுக்கிட்டே வருது. பொங்கலுக்கு இருந்த அதே அறுபத்திரண்டுல எப்படிம்மா நிறுத்துதிய?"

"மெஷின் முடிஞ்சதும் கரெக்டா அறுபத்திரண்டுக்கு வந்துட்டாரு டீச்சர். நல்ல விஷயம்தான?"

"அது கரெக்டா வருதுன்னுதான் நான் பயப்படுதேன்."

அந்தப் பெண் சிரித்தாள். டாக்டர் மாற்றினால்தான் எண்ணை மாற்ற முடியும் என்றாள். டாக்டர் திருநெல்வேலியிலிருந்து வருவார். கட்டிலின் கால்மாட்டில் நின்று "எப்படி இருக்கீங்க?" என்பார். என் வீட்டுக்காரர் கடைக்கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு "நல்லா இருக்கேன் சார்" என்பார். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். சார், அவர் எப்போதும் அப்படித்தான் சொல்லுவார், அவர் சட்டையைக் கழற்றிப் பாருங்கள் என்று நான் பின்னாலேயே போய்ச் சொன்னேன். டாக்டர் நடந்துகொண்டே, எடை ஸ்டெடியாக இருக்கிறதே அம்மா என்றார். ஸ்டெடியாம். பிரஷர் மட்டும் ஏறிக்கொண்டே போனது. அதற்கு மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார்.

இப்படி இருக்கும்போதுதான் சாரல் ஆரம்பித்தது. மதினியும் அவருடைய மகனும் மருமகளும் வந்து இறங்கினார்கள். வழியில் சுந்தரபாண்டியபுரத்தில் வண்டியை நிறுத்தி, சூரியகாந்தித் தோட்டத்துக்குள் நின்று போட்டோ எடுத்துவிட்டு வந்திருந்தார்கள். மதினி வாசலிலேயே தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஏலே தம்பி, என்னமா தேறிட்ட. கன்னமெல்லாம் சதை வச்சிருக்கு பாரு. நான் சொன்ன பத்தியம்தான. குத்தாலக் காத்தும் சேந்துக்கிட்டு."

கன்னத்தில் வைத்தது சதை இல்லை, தண்ணீர். காலையில் எழுந்ததும் கண்ணுக்குக் கீழே உப்பியிருக்கும் அதே தண்ணீர். நான் சொன்னேன். மதினி என்னைப் பார்க்கவே இல்லை. அடுத்து வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். கடையநல்லூரிலிருந்து பார்க்க வந்த அவருடைய பழைய கூட்டாளி சொன்னார், எதிர்வீட்டு அண்ணாச்சி சொன்னார், வீரகேரளம்புதூரிலிருந்து வந்த சித்தப்பா மகள் சொன்னாள். நோயாளியைப் பார்க்க வந்தால் இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும் என்பது இங்கே மரியாதை. மெலிந்திருந்தால் மெலிந்துவிட்டாய் என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். முகம் உப்பியிருந்தால் கேட்கவே வேண்டாம், வாய் நிறையச் சொல்லுவார்கள். மூடிய சட்டைக்குள் ஒரு ஆள் கரைந்துகொண்டிருந்தார். அத்தனை பேரும் முகத்தை மட்டும் பார்த்துச் சான்றிதழ் கொடுத்துவிட்டு, என் கையால் காப்பி குடித்துவிட்டு, அருவிக்குப் போனார்கள்.

போதாக்குறைக்கு மதினியின் மகன் ஒரு கண்ணாடித் தராசு கொண்டுவந்திருந்தான். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, சாயங்காலம் ஜிம். ஊருக்கு வரும்போதும் அந்தத் தராசைத் துணிகளுக்கு நடுவே சுற்றி எடுத்து வருகிறவன். வெறுங்காலோடு அதில் ஏறி நின்றால், எடை எவ்வளவு, அதில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று அவனுடைய போனில் வந்து விழும். காலையில் எல்லாரையும் வரிசையாக ஏற்றினான். எனக்குக் கொழுப்பு அதிகம் என்று வந்தது. அதைத் தெரிந்துகொள்ள எனக்குக் கண்ணாடித் தராசு தேவையில்லை. கடைசியில் மாமாவையும் கையைப் பிடித்து ஏற்றினான்.

"அத்த, இங்க பாருங்க. மாமாவுக்குக் கொழுப்பு ரொம்பக் கம்மி. மசில் மட்டும் அம்பது கிலோவுக்கு மேல. இந்த வயசுல இது அத்லெட் ரேஞ்ச்."

வீட்டுக்காரர் சிரித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் பார்த்த அசல் சிரிப்பு. "இரும்பு தூக்குன உடம்புல்லா" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கடுகு பாட்டிலைத் திறக்க முடியாத ஆள் அத்லெட் ஆகிவிட்டார்.

"தம்பி, அவருக்கு ஒழுங்காச் சாப்பாடே போகல. தசை எப்படிப்பா கூடும்?" என்று கேட்டேன்.

அவன் போனில் இன்னொன்றைத் திறந்தான். வயது, உயரம், எடை எல்லாம் போட்டான். என்ன வேலை என்று அது கேட்டது. உட்கார்ந்தே இருப்பவர் என்று ஒரு கட்டத்தை அழுத்தினான். ஒரு நாளைக்கு ஆயிரத்து அறுநூறு கலோரி போதும் என்று வந்தது. "மாமாவுக்கு வேலை ஒண்ணும் இல்லைல்ல. நீங்க கொடுக்குறதே போதும் அத்த. கவலைப்படாதீங்க" என்றான்.

நான் கொடுப்பது எத்தனை கலோரி என்று அவன் கேட்கவே இல்லை. ஒரு உடம்புக்கு எவ்வளவு வேண்டும் என்பதைப் பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டவன், அந்த உடம்புக்குள் எவ்வளவு போகிறது என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிக் கணக்குப் போட்டிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன். மதினி மட்டும் மகனைப் பார்த்துப் பூரித்துப்போய், "மிஷினே சொல்லிட்டு. இனி வாய மூடு" என்றார். வாயை மூடச் சொன்னது என்னைத்தான்.

மறுநாள் ஐந்தருவிக்குப் போவது என்று முடிவானது. டயாலிசிஸ் இல்லாத நாள். அவரை அழைத்துப் போக வேண்டாம் என்றேன். மூச்சு இரைக்கிறது, படுத்தால் தலையணையை இரண்டாக அடுக்கச் சொல்லுகிறார், வேண்டாம் என்றேன். மதினி கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அத்லெட் அல்லவா. "அருவில நிக்கல, எண்ணெய் மட்டும் தேய்ச்சுக்கிட்டு வாரேன்" என்றார். சின்ன வயதிலிருந்து சாரலுக்குச் சாரல் எண்ணெய் தேய்த்துக்கொண்ட உடம்பு அது. டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு அவர் வாய்விட்டு ஒன்றைக் கேட்டது அன்றைக்குத்தான்.

ஐந்தருவியில் கூட்டம். மங்குஸ்தான் விற்கிறவர்கள் குடையைப் பிடித்துக்கொண்டு கூவிக்கொண்டிருந்தார்கள். எல்லாருடைய பைகளையும் செருப்புகளையும் என்னிடம் கொடுத்து ஒரு கடை ஓரத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். அருவியில் குளிக்காதவளுக்கு அதுதான் வேலை. அவரை மதினியின் மகன் ஆண்கள் எண்ணெய் தேய்க்கும் இடத்துக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனான். போகும்போது நாலு படிக்கு ஒரு தடவை நின்று, எதையோ வேடிக்கை பார்ப்பதுபோல் மலையைப் பார்த்தார். மூச்சு வாங்குவதற்காக நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பையன் இடுப்பில் ஈரத் துண்டோடு ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது. "அத்த, மாமாவுக்கு மூச்சு முட்டுது."

நடந்தது இதுதான். எண்ணெய் தேய்க்கிறவர் அவரைக் கல்தரையில் மல்லாக்கப் படுக்க வைத்திருக்கிறார். தலையணை இல்லாமல் தட்டையாகப் படுத்ததும், உடம்பில் அங்கங்கே இருந்த தண்ணீரெல்லாம் நெஞ்சுக்கு வந்து நுரையீரலில் நின்றுவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேர் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். வாயைத் திறந்து திறந்து மூடினார். காற்று உள்ளே போகவில்லை. உதட்டோரத்தில் நுரை. மேலே சட்டை இல்லை. எண்ணெய் பூசிய விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்போல் இருந்தது. கழுத்தெலும்புக்குள் குழி. அதற்கு மேலே பொருத்தமில்லாமல் வேறு யாருடையதோ போல ஒரு உப்பிய முகம். மதினியும் ஓடி வந்தார். தம்பியைச் சட்டையில்லாமல் பார்த்தார். அன்றைக்குத்தான் அவர் வாயடைத்து நின்றார்.

காரில் பின்சீட்டில் அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, முதுகுக்கு நான் முட்டுக் கொடுத்துக்கொண்டு தென்காசி வரைக்கும் வந்தேன். எதிரே அருவிக்குப் போகிற வண்டிகள் வரிசை கட்டி வந்தன. சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு பிள்ளைகள் கூச்சல் போட்டன. செத்துப்போய்விடுவார் என்றே நினைத்தேன். நினைத்தபோதும் அழவில்லை. உடம்பு தேறிவிட்டது என்று சொன்னவர்களை ஒவ்வொருவராக மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். அந்தக் கோபம்தான் என்னை நிமிர்த்தி வைத்திருந்தது.

உடனே மெஷினில் போட்டார்கள். அன்றைக்குப் பணியில் இருந்த டாக்டர் சின்னப் பெண். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாள். பெரிய டாக்டருக்குப் போன் போட்டாள். நான் பக்கத்திலேயே நின்று, மறு முனையில் இருப்பவருக்கும் கேட்கட்டும் என்று என் பள்ளிக்கூடக் குரலில் சொன்னேன். "அறுபத்திரண்டோட நிறுத்தாதீங்க. அறுபத்திரண்டு கிலோ ஆளு இவரு இல்ல. அந்த ஆளு எப்பவோ போயிட்டாரு."

நிறுத்தவில்லை. அன்றைக்கு அறுபதுக்கு இறக்கினார்கள். நுரை நின்றது. மறுநாள் திரும்பப் போட்டு இன்னும் இறக்கினார்கள். ஒவ்வொரு தடவையும், இதற்குக் கீழே போனால் தசைப்பிடிப்பு வரும், மயக்கம் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வரவில்லை. ஐம்பத்தேழில் வந்து நின்றது. அங்கே வந்ததும் அவர் ஒற்றைத் தலையணையில் படுத்துத் தூங்கினார். மாத்திரைக்கு அடங்காத பிரஷர் தானாக இறங்கியது. ஐந்து கிலோ. என் வீட்டுக்காரரின் சதையில் ஐந்து கிலோ போயிருந்தது. அந்த இடத்தில் நின்ற ஐந்து கிலோ தண்ணீரைத்தான் ஊரே கொண்டாடியிருக்கிறது. பெரிய டாக்டர் வந்து "வெயிட்டை ரிவைஸ் பண்ணியாச்சு" என்றார். நான் மாதக்கணக்காகக் கேட்டேனே என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பிறகு திருநெல்வேலியில் ஒரு டயட்டீஷியனிடம் அழைத்துப் போனேன். டயாலிசிஸ் முடிந்து, தண்ணீர் இறங்கிய பிறகுதான் அளக்க வேண்டும் என்று அந்தப் பெண் முதலிலேயே சொல்லிவிட்டாள். அந்த ஒரு வார்த்தைக்கே எனக்கு அவளைப் பிடித்துப்போனது. டயாலிசிஸ் ஊசி குத்தாத கையில் டேப் வைத்துச் சுற்றளவு எடுத்தாள். கைக்குப் பின்னால் தோலை இடுக்கி போன்ற ஒன்றால் கவ்வி, கொழுப்பு எவ்வளவு என்று பார்த்தாள். அப்புறம் படுக்க வைத்துக் கையிலும் காலிலும் ஸ்டிக்கர் ஒட்டி, ஒரு மெஷினை மாட்டினாள். தேங்கிய தண்ணீர் வேறு, சதை வேறு என்று அது பிரித்துச் சொல்லும் என்றாள்.

மதினி மகனின் கண்ணாடித் தராசு தசை ஐம்பது கிலோ காட்டியதைச் சொன்னேன்.

"காட்டத்தான் செய்யும்மா. அது கால் வழியா லேசா கரண்ட் அனுப்புது. தண்ணி இருக்குற இடத்துல கரண்ட் சுலபமாப் போகும், கொழுப்புல போகாது. சுலபமாப் போனதையெல்லாம் அது தசைன்னு எழுதிக்கிடும். உங்க வீட்டுக்காரர மாதிரித் தண்ணி கோத்து நிக்கவங்களுக்கு அதுல எவ்வளவு வீக்கமோ அவ்வளவு மசில்."

கடைசியில், அழுத்திப் பிடிக்கிற ஒரு கைப்பிடியைக் கொடுத்து, முழு பலத்தோடு பிடியுங்கள் என்றாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. முள் கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டது. அவள் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். அவர் அந்தக் கைப்பிடியை மேஜைமேல் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். அந்தக் கை ஆணி மூட்டை தூக்கிய கை. என் வாழ்க்கையில் நான் பார்த்த எந்த அழுகையும் என்னை அந்த அளவுக்கு உடைத்ததில்லை.

அப்புறம் அவள் கணக்குப் போட்டாள். கிலோவுக்கு முப்பத்தைந்து கலோரி என்று ஐம்பத்தேழைப் பெருக்கினாள். இரண்டாயிரத்துக்குக் கிட்டத்தட்ட வந்தது. வேலை செய்யாமல் உட்கார்ந்திருந்தாலும் இவ்வளவு வேண்டுமா என்று இவர் கேட்டார். வேலை செய்யவில்லை என்று யார் சொன்னது, ஒவ்வொரு தடவை மெஷினில் படுக்கும்போதும் உங்கள் உடம்பு எரிகிறது, சாப்பிட்ட புரதத்தில் கொஞ்சம் மெஷின் வழியாக வெளியே போகிறது, அதையெல்லாம் யார் ஈடுகட்டுவது என்றாள். அதற்கப்புறம் என்னிடம் திரும்பி, காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டாள். இத்தனை நாளில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லக் கூட்டினாள். ஆயிரத்தைத் தொடவில்லை.

"பருப்பையும் முட்டையையும் நிறுத்தச் சொன்னது யாரு?" என்று கேட்டாள்.

வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "அக்கா" என்றார் மெதுவாக.

அதிலிருந்து தினமும் வெள்ளைக்கரு, அளவாக மீன், பருப்பு, வடித்த சோற்றில் தாராளமாக எண்ணெய். முதல் வாரம் விழுங்க முடியாமல் திணறினார். என்னைத் திட்டினார். நான் திருப்பித் திட்டினேன். தட்டைத் தள்ளிய அன்றைக்கெல்லாம் எதிரே உட்கார்ந்து, தட்டு காலியாகும் வரை எழுந்திருக்கவில்லை. மாதம் ஒரு தடவை அந்தப் பெண்ணிடம் போய் அளந்தோம், ட்ரை வெயிட்டையும் அதற்கேற்ப மாற்றச் சொன்னோம். ஐம்பத்தேழு மெல்ல ஐம்பத்தொன்பது ஆனது. இது தண்ணீர் இல்லாத ஐம்பத்தொன்பது. ஒரு நாள் காலை சமையலறைக்கு வந்து கடுகு பாட்டிலை அவராகவே எடுத்துத் திருகினார். திறந்தது. மூடிவிட்டு மறுபடியும் ஒரு தடவை திறந்து பார்த்தார்.

முகம் மட்டும் ஒட்டிப்போய்விட்டது. வீக்கம் வடிந்த கன்னம் அப்படித்தானே இருக்கும்.

இந்த வருஷம் சாரல் விழுந்தது. போன் வந்தது. மதினி மகனோடு வந்து இறங்கினார். போன வருஷம் வாயடைத்து நின்றதெல்லாம் ஒரு வருஷத்தில் மறந்துபோயிருந்தது. அல்லது மறந்துவிட்டதாக வைத்துக்கொண்டார். மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். தம்பியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"என்னத்தப் போடுத இவனுக்கு? கன்னம் குழி விழுந்து கெடக்கு. போன சாரலுக்கு எப்படி இருந்தான். பாக்கவே சந்தோஷமா இருந்துச்சு. இப்பப் பாரு, பாதி ஆளாயிட்டான்." பேசிக்கொண்டே அவர் கண் தம்பியின் தட்டில் விழுந்தது. "இது என்னது, முட்டையா? ஏட்டி, கிட்னிக்காரனுக்கு எவளாவது முட்ட கொடுப்பாளா?" கையை நீட்டித் தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த அத்தனையும் என் தொண்டைக்கு வந்துவிட்டது. வாயைத் திறந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் பேசினார்.

"போன சாரலுக்கு நான் செத்துக்கிட்டு இருந்தேன்க்கா."

எப்போது கேட்டாலும் நல்லா இருக்கேன் என்று சொல்லுகிற மனுஷர். குரலைக்கூட உயர்த்தவில்லை. கடையில் விலை சொல்லுகிறவர் மாதிரிச் சொன்னார். மதினியின் மகன் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டான்.

"அதப் பாத்துத்தான் நீங்க எல்லாரும் சந்தோஷப்பட்டிய" என்றார். அக்காவின் கைக்குக் கீழேயிருந்து தட்டை இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டு, முட்டையைப் பிட்டு வாயில் போட்டார்.